தமிழில் பூட்டு, அரபியில் திறப்பு

நூலகத்தில் வேலை பார்த்தவளுக்கு அப்படி என்ன பெரிய அதிர்ச்சி வந்துவிடப் போகிறது என்று என் அக்காவின் கணவர் கேட்பார். அவர் மின்வாரியத்தில் கம்பம் ஏறியவர். "ஒனக்கென்ன, ஃபேனுக்கு அடியில ஒக்காந்து புக்கு அடுக்குற வேல. ஷாக்குன்னா என்னான்னு என்னக் கேளு" என்பார். நானும் சிரித்துக்கொண்டே அவர் தட்டில் இன்னொரு கரண்டி மீன் குழம்பை ஊற்றுவேன். மாமாவிடம் வாதாடி எங்கள் வீட்டில் யாரும் ஜெயித்ததில்லை. எனக்கு அடித்த ஷாக்கைப் பற்றி அவரிடம் நான் முழுதாகச் சொன்னதும் இல்லை.

இப்போது சொல்லவேண்டி வந்துவிட்டது. நான் ஓய்வு பெற்ற பிறகு என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் நிவேதா போன வாரம் போன் செய்தாள். "அக்கா, நம்ம போர்ட்டல்ல கேள்வி கேட்டா பதில் சொல்ற சர்வீஸ் ஒண்ணு சேக்கப் போறாங்க. வெளி கம்பெனி. நம்ம ஆய்வேடு எல்லாத்தையும் அதுவே படிச்சுக்குமாம். நீங்க ஒவ்வொரு சர்வீஸையும் எப்படி சேத்தீங்கன்னு கொஞ்சம் எழுதிக் குடுங்களேன்" என்றாள்.

"எல்லாத்தையும்னா, பூட்டி வச்சிருக்கறதையுமா?" என்று கேட்டேன்.

"பூட்டுனத எப்படிக்கா படிக்கும்?" என்றாள் அவள், நான் ஏதோ விவரமில்லாமல் கேட்டுவிட்டதுபோல. நாங்களும் ஒரு காலத்தில் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தோம்.

நான் கடலூர் முதுநகர்க்காரி. ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் தெருவே விசாரிக்கும் மாதா கோயில் பங்கில் வளர்ந்தவள். நூலக அறிவியல் படித்தது, ஒப்பந்த வேலையில் அலைந்தது, பிறகு சிதம்பரத்துக்கு வெளியே ஆய்வுத் துறைகளும் வைத்திருந்த ஒரு கல்லூரியில் நிலையான இடம் கிடைத்தது எல்லாம் எல்லாருக்கும் நடக்கிற கதைதான். தினமும் பாசஞ்சர் ரயில். புதுச்சத்திரம், பரங்கிப்பேட்டை, கிள்ளை, சிதம்பரம். அட்டைப் பெட்டியில் கார்டு அடுக்கிய காலத்தில் சேர்ந்தேன். கம்ப்யூட்டர் வந்ததும், "பிலோமினாவுக்கு இங்கிலீஷ் நல்லா வரும்" என்று சொல்லி அதை என் தலையில் கட்டினார்கள். இங்கிலீஷுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று நான் கேட்கவில்லை. கேட்டிருந்தால் வேறு யாராவது அங்கே உட்கார்ந்திருப்பார்கள்.

எங்கள் மின்னூலகத் தளத்தில் பழைய நூல்களும், எங்கள் மாணவர்களின் ஆய்வேடுகளும் இருந்தன. அதற்கு வெளிச் சேவைகளை இணைப்பது என் வேலை. கல்யாண வீட்டில் பந்தல் ஒருவர், சமையல் ஒருவர், மேளம் ஒருவர் என்று வருவார்கள். சாப்பிட்டுப் போகிறவருக்கு எல்லாம் பெண் வீட்டார் செய்ததுதான். இதுவும் அப்படித்தான். புத்தகத்தின் அட்டைப் படத்தை ஒரு நிறுவனம் அனுப்பும், ஊரின் வரைபடத்தை இன்னொன்று அனுப்பும். எங்கள் தளம் கேட்கும், அவர்கள் கொடுப்பார்கள், படிக்கிறவர் எல்லாம் எங்களுடையது என்று நினைத்துக்கொள்வார். நல்லது நடந்தாலும் எங்கள் பெயர், கெட்டது நடந்தாலும் எங்கள் பெயர்.

எங்கள் தலைமை நூலகர் வைத்தியலிங்கம் சார். திட்டக்குடிப் பக்கம் விவசாயக் குடும்பம். நெட்டையான மனிதர், குரல் மட்டும் தாழ்ந்து வரும். அட்டெண்டரையும் 'வாங்க, போங்க' என்றுதான் பேசுவார். கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார் என்பதால் எங்களுக்குப் பயமே அந்த மெதுவான குரல்தான். ஏதாவது பிசகிவிட்டால் யாரையும் திட்டமாட்டார். ஒரே ஒரு கேள்விதான். "யாரு கேட்டா, யாரு குடுத்தா?" அதற்குப் பதில் தெரிந்தால் பிசகு எங்கே என்று தெரிந்துவிடும் என்பது அவர் கணக்கு.

தளத்தின் திறப்பு விழாவில் நடந்ததை இப்போது நினைத்தால் சிரிப்பு வருகிறது. அன்றைக்கு எனக்கு வியர்த்து ஊற்றியது. எங்கள் கல்லூரி வலையில் படங்களுக்குத் தடை போட்டிருந்தார்கள். அதனால் உள்ளே இருந்து பார்த்தபோது அட்டைப் படம் வரவேண்டிய இடமெல்லாம் வெறும் கட்டமாக இருந்தது. படச் சேவை இன்னும் வேலை செய்யவில்லை போலிருக்கிறது, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டோம். வந்த சிறப்பு விருந்தினரோ தன் சொந்தக் கைபேசியில் தளத்தைத் திறந்தார். ஒரு தேவார உரைநூலைத் தொட்டார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடியும் பார்த்தார். நூலின் பெயருக்குப் பக்கத்தில் நண்டு மசாலா தட்டோடு ஒரு சமையல் புத்தக அட்டை பளபளவென்று நின்றது. அந்தப் பதிப்பாளர் தான் வெளியிட்ட எல்லாப் புத்தகத்துக்கும் ஒரே ஐ.எஸ்.பி.என். எண்ணை அச்சடித்திருக்கிறார். படச் சேவைக்குத் தேவாரம் எது, நண்டு எது என்று எப்படித் தெரியும்? எண்ணைக் கேட்டோம், எண்ணுக்கு உரியதைக் கொடுத்தது. அதுவும் சிதம்பரத்தில்.

விழா முடிந்ததும் வைத்தியலிங்கம் சார் என்னை அழைத்துக்கொண்டு வாசலைத் தாண்டி எதிரே இருந்த பஷீர் பாயின் ஜெராக்ஸ் கடைக்குப் போனார். அங்கே இரண்டு கம்ப்யூட்டர்களும் கல்லூரியோடு சம்பந்தமில்லாத இணைப்பும் இருந்தன.

"இனிமே எந்த சர்வீஸ் சேத்தாலும் இங்க வந்து பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போடணும்" என்றார். "உள்ள ஒக்காந்து பாக்கறவங்களுக்கு எல்லாம் சரியாத்தாங்க தெரியும். நாம குடுக்கறது வெளிய இருக்கறவங்களுக்கு."

அன்றிலிருந்து அதுதான் எங்கள் சட்டம். பஷீர் பாய்க்கு இஞ்சி டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, அவருடைய கம்ப்யூட்டரில் உட்கார்ந்து, ஊர்பேர் தெரியாத ஒரு வாசகர் மாதிரி ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்ப்போம். மாணவர்களுக்கு இது பெரிய வேடிக்கை. இவ்வளவு பெரிய நூலகத்தை விட்டுவிட்டு ஜெராக்ஸ் கடையில் போய்ப் படிக்கிறார்கள் என்று கிண்டல் செய்வார்கள்.

இனிமேல்தான் அந்த ஆய்வேடு. வளைகுடா நாடுகளில் வேலை செய்யும் கடலோர ஊர்க்காரர்களைப் பற்றி ஒரு மாணவர் எழுதியது. பரங்கிப்பேட்டையில் வீடு வீடாகப் போய், விடுப்பில் வந்திருந்தவர்களோடு பேசி, பேச்சை அப்படியே பின்னிணைப்பில் சேர்த்திருந்தார். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. தகவல் சொன்னவரின் பெயர், வயது, ஊர், தொழில் எல்லாவற்றையும் ஆய்வேட்டில் போட வேண்டும். அது அவர்களுக்குச் செய்கிற மரியாதை. போடாவிட்டால் வாய்மொழித் தேர்வில், "இவர்களை நீ நிஜமாகவே பார்த்தாயா, வீட்டில் உட்கார்ந்து எழுதினாயா?" என்று கேட்பார்கள். அந்த மாணவரும் பெயரோடுதான் போட்டார். வேலை செய்யும் கடையின் பெயரையும் சேர்த்து.

ஆய்வேட்டைத் தளத்தில் ஏற்றும்போது, பின்னிணைப்பை வெளியே காட்ட வேண்டாம் என்று நெறியாளர் சொன்னார். பூட்டினோம். எங்கள் பூட்டு எளிமையானது. கல்லூரிக்குள் இருக்கும் கம்ப்யூட்டர் கேட்டால் பக்கம் திறக்கும். வெளியே இருந்து கேட்டால் பூட்டுப் படம்தான் வரும். பஷீர் பாய் கடையில் சோதித்தோம். பூட்டு நன்றாகவே நின்றது.

சில வருடங்கள் கழித்து மொழிபெயர்ப்புச் சேவை வந்தது. ஒவ்வொரு ஆய்வேட்டுக்கும் கீழே மொழிகளின் பெயர்கள் வரிசையாக நிற்கும். எந்த மொழியைத் தொட்டாலும் எங்கள் தளம் அந்த நூலை வெளியே இருக்கும் நிறுவனத்துக்கு அனுப்பி, மொழிபெயர்த்து வாங்கி, அடுத்தவருக்குச் சீக்கிரம் கிடைக்கட்டும் என்று ஒரு பிரதியும் எடுத்து வைத்துக்கொள்ளும். புதுச்சேரியிலிருந்து வந்த பையன்கள் இணைத்துக் கொடுத்தார்கள். நாங்களும் வழக்கம்போல ஜெராக்ஸ் கடைக்குப் போய்ச் சோதித்தோம். பூட்டிய ஆய்வேடுகள் பூட்டியே இருந்தன. திறந்த ஆய்வேடுகள் பிரெஞ்சில் வந்தன, இந்தியில் வந்தன. எங்களுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்றைக்கு டீயோடு சமோசாவும் வாங்கினோம்.

ஒரு புதன்கிழமை காலை நூலகத் தொலைபேசி அடித்தது.

"லைப்ரரிங்களா? நான் பரங்கிப்பேட்டையிலேருந்து பேசுறேன். பேரு ஜெய்த்தூன். எங்க வூட்டுக்காரரு சபர்ல இருக்காரு, வெளிநாட்டுல. அவரு பேசுனது உங்க கம்ப்யூட்டர்ல இருக்குதாம். அத எடுத்துடுங்கக்கா."

எந்த நூல் என்று கேட்டேன். ஆய்வேட்டைச் சொன்னார்.

"அது பூட்டித்தாம்மா இருக்கு. வெளிய யாரும் பாக்க முடியாது" என்றேன்.

"இல்லக்கா. அரபில இருக்குது."

"எங்ககிட்ட அரபிப் புத்தகமே கெடையாதும்மா."

"அவரு மொதலாளியோட மவன் கடையில வச்சே படிச்சுக் காட்டுனாராம். எங்க வூட்டுக்காரரு பேரு, கடைப் பேரு, எங்க மாமியா மவுத்தானது, எல்லாம் அதுல இருக்குதாம். இப்ப அவரக் கடைக்கு வர வேணாம்னுட்டாங்க. ரூம்லயே இருக்கச் சொல்லிட்டாங்க. வெள்ளிக்கெழம ஜும்மாவுக்கு மொதலாளி பள்ளிக்குப் போவறதுக்குள்ள அது இன்டர்நெட்ல இருக்கக் கூடாதாம். இருந்தா போலீஸ்ல குடுத்துடுவேன்னு சொல்றாங்களாம். அங்க கேஸு ஆயிட்டா அவரு எப்பக்கா வருவாரு?"

அவர் அழவில்லை. அழுதிருந்தால்கூட எனக்குச் சமாதானம் சொல்லத் தெரிந்திருக்கும்.

வைத்தியலிங்கம் சாரிடம் ஓடினேன். உள்ளே பார்த்தோம். எங்கும் அரபி இல்லை. ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பார்த்தோம். ஆய்வேட்டின் பின்னிணைப்பைத் தொட்டேன். பூட்டு. அந்த அம்மாவுக்கு யாரோ தப்பாகச் சொல்லியிருக்கிறார்கள் என்று எனக்கு உயிர் வந்தது. சார் மட்டும் தலையை அசைத்து, "அவங்க பாத்த பக்கத்தோட முகவரிய வாட்ஸ்அப்ல அனுப்பச் சொல்லுங்க" என்றார்.

வந்தது. எங்கள் தளத்தின் முகவரிதான். கடைசியில் மட்டும் மொழியைக் குறிக்கும் இரண்டு எழுத்து கூடுதலாக இருந்தது. தொட்டேன். திரை முழுக்க வலமிருந்து இடமாக அரபி எழுத்துகள். தலைப்பில் எங்கள் கல்லூரி முத்திரை. சேசுவே என்று வாய்விட்டுச் சொல்லிவிட்டேன்.

என்ன எழுதியிருக்கிறது என்று தெரியவில்லை. பஷீர் பாயைக் கூப்பிட்டோம். "ஓத வரும்க்கா, அர்த்தமெல்லாம் ஜாஸ்தி தெரியாது" என்று சொல்லிக்கொண்டே வந்து, விரலை வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தார். "உம்முன்னு வருது. அம்மா. மவுத்துன்னு வருது, சாவு. இது ஸலாத்து, தொழுகை. ஸஃப், தொழுகையில நிக்கிற வரிசை. மிஃப்தாஹ்னா சாவி. இந்த ஜவாஸ்னு வருது பாருங்க, இது எனக்கு நல்லாத் தெரியும். எங்க அண்ணன் சவுதில இருந்தப்ப தெனம் சொல்லும். பாஸ்போர்ட்டு." அவர் விரல் அங்கேயே நின்றுவிட்டது. மேலே படிக்க மாட்டேன் என்று எழுந்துவிட்டார்.

நான் நூலகத்துக்குள் திரும்பி வந்து தமிழ் மூலத்தைத் திறந்தேன். ஏற்றிய நாளில் நான் அதைப் படித்ததில்லை. பக்க எண் சரியா என்று பார்த்ததோடு சரி. ஜெய்த்தூனின் கணவர் காசிம் பேசியிருந்தது இரண்டு பக்கம். உம்மா இறந்த சேதி வந்தபோது முதலாளியிடம் விடுப்புக் கேட்டிருக்கிறார். பெருநாள் வியாபாரம் முடியட்டும் என்று சொல்லியிருக்கிறார்கள். கடைக்குப் பின்னால் அரிசி மூட்டைகளுக்கு நடுவே தனியாக நின்று, ஊரில் கிடக்கும் உடலுக்காகத் தொழுதிருக்கிறார். பல மாதம் கழித்துத்தான் ஊருக்கு அனுப்பினார்கள். அதற்குக் கீழே இப்படி இருந்தது: "மொதலாளி தொழுகையில மொத ஸஃப்புல நிப்பாரு. கடைப் பெட்டிச் சாவி அவரு இடுப்புல இருக்கும். அந்தப் பெட்டியிலதான் என் பாஸ்போர்ட்டு கெடக்கும். அவரு சஜ்தாவுல குனியறப்ப சாவிச் சத்தம் எனக்குக் கேக்கும்."

இதைத்தான் அந்த மகன் அரபியில் படித்துக் காட்டியிருக்கிறான். அந்த மனிதர் தன் வீட்டில், தன் பாயில் உட்கார்ந்து, ஒரு மாணவரை நம்பிச் சொன்ன வார்த்தை. அதை அவருடைய முதலாளியின் மொழிக்கு மாற்றி, முதலாளியின் கைக்கே கொண்டுபோய்க் கொடுத்திருக்கிறோம்.

சார் மேசைக்கு எதிரே உட்கார்ந்து மிக மெதுவாகக் கேட்டார். "யாரு கேட்டா, யாரு குடுத்தா?"

யோசித்தோம். வெளியே இருக்கிற ஒருவர் பின்னிணைப்பைத் தமிழில் கேட்டால் பூட்டு அவரைப் பார்க்கும், வெளியாள் என்று தெரியும், திறக்காது. அதே ஆள் அரபியில் வேண்டும் என்று தொட்டால், நூலை எடுத்து அனுப்பும் வேலை எங்கள் சர்வருடையது. இப்போது பூட்டுக்கு முன்னால் நிற்பது எங்கள் சர்வர். அது எங்கே இருக்கிறது? எங்கள் நூலகத்தின் மாடியில், கல்லூரிக்குள். பூட்டு அதைப் பார்த்து, நம்ம வீட்டு ஆள்தானே என்று திறந்துவிட்டது.

"கேட்டதும் நாமதாங்க, குடுத்ததும் நாமதான்" என்றார் சார்.

தமிழைத் தவிர உலகத்தில் உள்ள எல்லா மொழியிலும் அந்தப் பின்னிணைப்பு திறந்து கிடந்தது. பூட்டிய பக்கத்தின் கீழே இருக்கும் மொழிப் பெயரை நாங்கள் யாரும் தொட்டுப் பார்க்கவில்லை. பூட்டின கதவுக்கு முன்னால் நின்று, இதை அரபியில் கொடு என்று யார் கேட்பார்கள்? மனிதர்கள் கேட்கமாட்டார்கள்தான். தேடுபொறிகள் கேட்கும். கண்ணில் படும் இணைப்பையெல்லாம் ஒன்றுவிடாமல் தொட்டுக்கொண்டே போவதுதான் அவற்றின் பிழைப்பு. ஒரு தேடுபொறி அரபியைத் தொட்டிருக்கிறது, எங்கள் தளம் மரியாதையாக மொழிபெயர்த்துக் கொடுத்திருக்கிறது. முதலாளியின் மகன் தன் கடையைப் பற்றி ஊர் என்ன சொல்கிறது என்று பார்க்கக் கடைப் பெயரைத் தேடியிருக்கிறான். காசிம் வந்து நின்றிருக்கிறார்.

புதுச்சேரிப் பையன்களுக்குப் போன் போட்டேன். "மேடம், பட்டனை எடுத்துட்டோம், ப்ராப்ளம் ஓவர்" என்றார்கள். பட்டன் போய்விட்டது, முகவரியைத் தட்டினால் பக்கம் அப்படியே வந்தது. சேமித்து வைத்த பிரதி. அது எந்தெந்த இடத்தில் எத்தனை இருக்கிறது என்று அவர்களுக்கே தெரியவில்லை. தேடிப் பார்த்து அழிக்க இரண்டு நாள் ஆகும் என்றார்கள்.

அந்த வாரம் கல்லூரியை மதிப்பிட ஒரு குழு வந்திருந்தது. அவர்களுக்குக் காட்டுவதற்கென்று நிர்வாகம் வைத்திருந்த பெரிய சரக்கே எங்கள் மின்னூலகம்தான். வைத்தியலிங்கம் சார் எழுந்து மாடிக்குப் போனார். நானும் பின்னாலேயே ஓடினேன். சர்வர் அறையைத் திறந்தார். முறைப்படி ஒவ்வொன்றாக நிறுத்தச் சொல்லி என்னிடமே செய்ய வைத்தார். எல்லாம் அணைந்த பிறகு, வெளியே போகும் கம்பியைத் தன் கையால் பிடுங்கி, சுருட்டி, சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். அவ்வளவு பெரிய மனிதர் சட்டைப் பையில் கம்பியோடு படி இறங்கி வந்தது இப்போதும் கண்ணில் நிற்கிறது.

கொஞ்ச நேரத்தில் முதல்வர் அறையிலிருந்து போன். அந்தப் பக்கம் கத்துவது எனக்கே கேட்டது. சார் கேட்டுக்கொண்டே இருந்தார். பிறகு, "ஒரு மனுஷன் வெளிநாட்டுல ரூமுக்குள்ள கெடக்கறாருங்க. அவருக்குப் பதில் சொல்லிட்டு வந்து குழுவுக்கு நான் சொல்லிக்கிறேன்" என்று வைத்துவிட்டார். அந்த வருடம் அவருக்கு வரவேண்டிய பணி நீட்டிப்பு வரவில்லை.

தேடுபொறி நிறுவனத்துக்கு எழுதினோம். எங்கள் இடத்தில் அழித்தால் எங்களோடு போயிற்று. அவர்கள் எடுத்துவைத்த நிழல் பிரதி அவர்கள் இஷ்டப்பட்ட நேரத்தில்தான் போகும். புதன் போய் வியாழன் முழுக்க ஜெராக்ஸ் கடையில் உட்கார்ந்து கடைப் பெயரை அரபியில் தட்டித் தட்டிப் பார்த்தேன். இருந்தது, இருந்தது, இருந்தது. வியாழன் சாயங்காலம் ரயிலுக்குக் கிளம்புகிற நேரத்தில் தட்டினேன். இல்லை. பஷீர் பாய் அல்ஹம்துலில்லாஹ் என்றார். நான் அங்கேயே நின்று ஜெய்த்தூனுக்குப் போன் செய்தேன்.

"போயிடுச்சும்மா. இனிமே எங்கயும் இல்ல."

"அவங்க அன்னைக்கே பிரிண்ட் எடுத்து வச்சுட்டாங்களாம்க்கா" என்றார்.

கடை வாசல் ஸ்டூலில் உட்கார்ந்துவிட்டேன். அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டேன்.

நிவேதா, உனக்கு எழுதவேண்டியது இதுதான். வெளிச் சேவை எதையும் இணைக்கும்போது, அது யாருடைய பெயரில் பூட்டுக்கு முன்னால் வந்து நிற்கிறது என்று பார். வாசகர் பெயரில் வந்தால் சரி. உங்கள் பெயரில் வந்தால், உங்கள் வீட்டுச் சாவியை அதற்குக் கொடுத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். திறந்த நூலில் மட்டும் சோதிக்காதே. பூட்டியதில் சோதி, எல்லா மொழியிலும் சோதி, வாசலுக்கு வெளியே நின்று சோதி. ஓர் அனுபவக் கட்டுரைக்கு இது போதும். ஆனால் கதை இதோடு முடியவில்லை.

வெள்ளி, சனி, ஞாயிறு. சேதி இல்லை. பூசையில் மண்டியிட்டிருக்கும்போதுகூட எனக்குச் சாவிச் சத்தம்தான் கேட்டது. அடுத்த வாரம், பிரதிகளையெல்லாம் அழித்து, மொழிபெயர்ப்பும் பூட்டுக்கு அடங்கும்படி மாற்றிவிட்டுத் தளத்தை மறுபடி திறந்தோம். போன் மட்டும் வரவில்லை. நானாகப் போன் செய்யப் பயந்தேன். பிறகு ஒரு நாள் மதியம், வெள்ளைச் சட்டை போட்ட ஒருவரும் கறுப்புப் புர்கா போட்ட ஒரு பெண்ணும் நூலகத்துக்குள் வந்தார்கள். "அக்கா, நான்தான் ஜெய்த்தூன். இவருதான்" என்றார் அந்தப் பெண்.

என்ன திட்டினாலும் வாங்கிக்கொள்வது என்று எழுந்து நின்றேன். காசிம் திட்டவில்லை. "நான் பேசுனத நான் பாக்கலாமுங்களா?" என்று கேட்டார்.

உள் கம்ப்யூட்டரில் தமிழைத் திறந்து கொடுத்தேன். உதடு அசைய நிதானமாகப் படித்தார். உம்மாவைப் பற்றிய இடத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டார். முடித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

"இதுல பொய் ஒண்ணும் இல்லீங்களே. எதுக்குப் பூட்டி வச்சிருக்கீங்க?"

"உங்களுக்கு ஆபத்து வந்துடக் கூடாதுன்னுதாங்க" என்றேன்.

அவர் என்ன நடந்தது என்று சொன்னார். வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து முதலாளி தனியாக அறைக்கு வந்திருக்கிறார். போலீஸோடு வருவார் என்றுதான் காசிம் காத்திருந்திருக்கிறார். முதலாளி உட்காரவில்லை. "உன் உம்மா பேரு என்ன?" என்று மட்டும் கேட்டிருக்கிறார். காசிம் சொல்லியிருக்கிறார். முதலாளி அந்தப் பெயரைத் தானும் ஒரு முறை சொல்லிப் பார்த்துவிட்டு, பாஸ்போர்ட்டைக் கட்டில்மேல் வைத்துவிட்டுப் போய்விட்டார். மறுநாள் மகன் வந்து டிக்கெட்டைக் கொடுத்து, இனி வரவேண்டாம் என்றிருக்கிறான்.

"கோவத்துல அனுப்புனாரா, மனசு கேக்காம அனுப்புனாரான்னு எனக்கு இன்னும் வெளங்கல" என்றார் காசிம். "நேர்ல எத்தினியோ தடவ கேட்டேங்க. அவரு பாஷையிலயே கேட்டேன், அழுது கேட்டேன். காதுல வுழல. கம்ப்யூட்டர்ல படிச்சப்பதான் வுழுந்துச்சு."

"வந்தது சந்தோசம்தான்" என்றார் ஜெய்த்தூன். "கட்டிக்கிட்டிருந்த வூடு பாதிச் சொவத்தோட நிக்குது. இனிமே யாரு இவரக் கூப்புடுவா?"

"என்னோடத மட்டும் தொறந்துடுங்க. எல்லா பாஷையிலயும் இருக்கட்டும்" என்று காசிம் என்னிடம் சொன்னார். எனக்கு ஒன்றும் புரியவில்லை. எதை அழிக்க நாங்கள் இரண்டு நாள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு அலைந்தோமோ, அதை மறுபடியும் போடச் சொல்லி அவரே கேட்கிறார். சாரிடம் சொன்னேன். "அவரு வார்த்தைங்க. அவரு சொன்னா சரி" என்றார். காசிம் பேசிய இரண்டு பக்கத்தை மட்டும் தனியாகப் பிரித்துத் திறந்துவிட்டேன்.

அது பரங்கிப்பேட்டை முழுக்கப் பரவியிருக்கிறது. எனக்குத் தெரியாது. கொஞ்ச நாள் கழித்து ஜெய்த்தூன் தன் தெருப் பெண் ஒருவரை அழைத்துக்கொண்டு வந்தார். பெயர் வேண்டாம். அவர் கணவர் பேசியதும் அதே பின்னிணைப்பில் இருந்தது. வேறு நாடு, வேறு முதலாளி. விடுப்பு முடிந்து போனவர் திரும்பி வரவேயில்லை. கடைசி மகள் அப்பாவைப் போனில் மட்டும்தான் பார்த்திருக்கிறாளாம்.

"என் வூட்டுக்காரரோடதயும் அரபில போட்டு வுட்டுருங்கக்கா" என்றார் அந்தப் பெண். "அவரு மொதலாளியும் படிக்கட்டும்."

எல்லா முதலாளியும் பெயர் கேட்கமாட்டார்கள், உள்ளே தள்ளிவிட்டால் என்ன செய்வீர்கள் என்று என்னென்னவோ சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார்.

"உங்க வீட்டுக்காரர்கிட்ட கேட்டீங்களா?" என்று கடைசியாகக் கேட்டேன்.

"அவரு வேணாம்னுதான் சொல்லுவாரு. அவரு சொன்னா நீங்க கேப்பீங்க. நான் சொன்னா கேக்க மாட்டீங்களா?"

நான் திறக்கவில்லை. எங்கள் முறைப்படி அது சரிதான், பேசியவரின் சம்மதம் இல்லை. ஓய்வு பெறும்வரை வாரம் ஒரு முறை அந்தப் பக்கத்தைத் தமிழிலும் அரபியிலும் வெளியே இருந்து தட்டிப் பார்த்து, பூட்டு நிற்கிறதா என்று உறுதி செய்துகொள்வேன். நின்றது. ஜெய்த்தூன் இன்னும் பெருநாளுக்குப் போன் செய்து விசாரிப்பார். அந்தப் பெண்ணின் கணவர் வந்துவிட்டாரா என்று கேட்க ஒவ்வொரு முறையும் நினைக்கிறேன். இதுவரை கேட்கவில்லை.